அளக்கப்படாத பதினொரு புள்ளிகள்

1

2019ஆம் ஆண்டு பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்தேகால் மணிக்கு என் வீட்டு வாசலில் ஓர் அட்டைப்பெட்டி இறக்கப்பட்டது. அதனுள் ஒன்பது கோப்புகளும், துணி அட்டை போட்ட மூன்று பதிவேடுகளும், ஒரு கடிதமும் இருந்தன. கடிதத்தை எழுதியவர், சென்ற ஆண்டு காலமான இயற்பியல் பேராசிரியர் ஒருவரின் மகள், கண் மருத்துவர். நியூட்ரான் சிதறல் என்னும் துறையை எங்கள் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிவைத்தவர் அவருடைய தந்தை. அவரைப் பற்றிய நினைவு நூலுக்கு நான் இருபது பக்கம் எழுத வேண்டும் என்றும், அது கட்டுரையாக இல்லாமல் கதையைப் போல இருக்க வேண்டும் என்றும் மகள் கேட்டிருந்தார்.

இக்கதை பிறந்த விதம் இதுதான் என்று இங்கேயே முற்றுப்புள்ளி வைக்கலாம். வைத்தால் அது பாதி உண்மை. மீதிப் பாதியையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். மறைத்துவைத்துக் கடைசியில் எடுத்து நீட்டி வாசகரைத் திடுக்கிடச் செய்வது எனக்கு உடன்பாடான உத்தி அன்று.

1964இல் அந்தப் பேராசிரியரின் கருவியில் நான் குறிப்பாளராக இருந்தேன். ஒருநாள், அளக்காத பதினொரு எண்களை அளந்தவைபோலப் பதிவேட்டில் எழுதினேன். அதனால் விளைந்த பழி வேறொருவர்மேல் விழுந்தது. அவர் இன்றும் உயிரோடு இருக்கிறார். பேராசிரியரின் கதையை எழுதினால் இதைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் கதையை எழுத எனக்கு அருகதை இல்லை. ஐம்பத்து நான்கு ஆண்டுகளாக நான் சொல்லவில்லை.

2

முதல் தொடக்கம்: “நியூட்ரான் என்பது மின்னூட்டம் அற்ற—”

(விட்டுவிட்டேன். பாடப்புத்தக வாடை அடிக்கிறது.)

இரண்டாம் தொடக்கம்: “அந்த மாமனிதர்—”

(விட்டுவிட்டேன். மாமனிதர்களுக்குப் பல்வலி வருவதில்லை. இவருக்கு வந்தது. அந்தப் பல்வலி கதைக்குத் தேவைப்படுகிறது.)

மூன்றாம் தொடக்கம்:

அவர் வந்து சேர்ந்தபோது ஆய்வுக்கூடத்தில் ஓர் அணு உலை இருந்தது. அதன் தடித்த சுவரில் ஒரு துளை இருந்தது. துளைக்கு எதிரே ஒன்றும் இல்லை. துளை வழியே வரும் நியூட்ரான்களை ஒரு படிகத்தின்மேல் விழச் செய்து, ஒரே வேகமுள்ளவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். அவற்றை ஆராய வேண்டிய பொருளின்மேல் செலுத்த வேண்டும். அப்பொருளின் அணுக்கள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். மோதிய நியூட்ரான் அந்த அதிர்வுக்குச் சிறிது ஆற்றலைக் கொடுத்தோ, அதனிடம் வாங்கியோ திசைமாறும். எந்தக் கோணத்தில் எத்தனை வருகின்றன என்று எண்ணினால், உள்ளே அணுக்கள் எவ்வாறு அதிர்கின்றன என்பது விளங்கும். சொல்வதற்கு ஐந்தாறு வாக்கியங்கள் போதும். செய்வதற்கு அவருக்கு ஆறு ஆண்டுகள் ஆயின.

வாங்குவதற்கு அப்படியொரு கருவி எங்கும் விற்பனையில் இல்லை. போர்க்கப்பல் ஒன்றிலிருந்து கழித்துப்போட்ட பீரங்கியின் சுழல்மேடையைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார். அதன்மேல் முந்நூறு கிலோ எடையுள்ள ஒரு கையைப் பொருத்தினார்கள். கையின் நுனியில், பாரஃபின் மெழுகு நிரப்பிய பெட்டிக்குள், நியூட்ரானை எண்ணும் குழாய் இருந்தது. அந்தக் கையைத் திருப்பும் பற்சக்கரத்தைப் பட்டறையில் பதினான்கு மாதம் உட்கார்ந்து வெட்டியவர் ஒரு பிட்டர். எல்லாருக்கும் அவர் பிட்டர் அண்ணன்.

பேராசிரியருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது: இன்னொருதடவை. எந்த அளவைக் காட்டினாலும், “நல்லாருக்கு. இன்னொரு தடவை எடுத்துடுவோம்” என்பார். நடைபாதையில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும், “இன்னொருதடவை வராருடா, தேநீரைக் கீழ வை” என்று பட்டறையில் எச்சரிக்கை பறக்கும். அது அவர் காதிலும் விழும். ஒருநாள் தேநீர் குடித்து முடித்து, கோப்பையை நீட்டி, “இன்னொரு தடவை” என்றார். பட்டறை முழுதும் சிரித்தது.

(இத்தொடக்கம் நிற்கட்டும். இதில் உள்ளவை நான் கண்டவை.)

3

இப்போது குறிப்பாளர் வருகிறாள். அவளை ‘நான்’ என்று எழுதிப் பார்த்தேன். ‘நான்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒவ்வொரு வாக்கியமும் சமாதானம் சொல்லத் தொடங்கியது. ஆகவே ‘அவள்’. இதற்குமேல் வேறு சலுகை எதையும் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

அவளுக்கு வயது இருபத்து மூன்று. கையெழுத்து அச்சுப்போல இருந்ததற்காகவே அவளை அந்த வேலைக்கு எடுத்தார்கள். கருவியின் கையை ஒரு கோணத்தில் நிறுத்த வேண்டும், பொத்தானை அழுத்த வேண்டும், இருபது நிமிடம் கழித்து மணி அடிக்கும், எண்ணிக்கை காட்டும் கவுண்டரில் ஒளிரும் எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும், சக்கரத்தைச் சுற்றிக் கையைப் பத்தில் ஒரு பாகை நகர்த்த வேண்டும், மறுபடி பொத்தான். ஒரு நாளில் இருபது புள்ளிகள் கிடைத்தால் அது நல்ல நாள்.

வேலையில் சேர்ந்த வாரத்தில் பேராசிரியர் அவளிடம் சொன்னார்: “நானூறு எண்ணினீங்கன்னா, அடுத்த தடவை முந்நூத்தி எண்பது வரும், இல்ல நானூத்தி இருபது வரும். இருபது ஏறும், இருபது இறங்கும். பயந்துடாதீங்க. அது மெஷினோட தப்பு இல்ல. நியூட்ரானோட குணமே அப்படித்தான்.”

அவள் தலையாட்டினாள். ஒழுங்காக வராத ஒன்றைக் குணம் என்று சொல்வது அவளுக்குப் பிடிக்கவில்லை.

1964 ஆகஸ்ட் 20, வியாழக்கிழமை. அன்று மாலை நான்கு மணிக்கு உலையை மூடப்போகிறார்கள். எரிபொருள் மாற்றி மீண்டும் திறக்க ஆறு வாரம் ஆகும். திறந்தபின் அந்தத் துளையில் ஓராண்டுக்கு வேறு குழுவின் வேலை. ஒரு படிகத்தில், 31.4 பாகையிலிருந்து 32.4 வரை, பதினொரு புள்ளிகள் மட்டும் எஞ்சியிருந்தன. அங்கே எண்ணிக்கையில் ஒரு சிறு மேடு தெரியக்கூடும் என்பது பேராசிரியரின் ஊகம். தெரிந்தால், அந்த அணுக்கள் ஒரு திசையில் மட்டும் தளர்ந்து அதிர்கின்றன என்று பொருள். அதை அதுவரை உலகில் எவரும் கண்டதில்லை. அவர் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார். போகும்போது, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, “பதினொண்ணே பதினொண்ணு. பாத்துக்குங்க” என்றார்.

அவளிடம் பாதி எழுதிய ஒரு சிறுகதை இருந்தது. பத்திரிகைப் போட்டிக்கு அதை மறுநாள் தபாலில் சேர்த்தாக வேண்டும். இருபது நிமிட இடைவெளிகளில் எழுதலாம் என்று நினைத்தாள். அப்போது ஓடிக்கொண்டிருந்த 31.3 பாகையின் மணி ஒரு வாக்கியத்தின் நடுவே அடித்தது. அவள் எழுந்து மணியின் நாக்கில் கைக்குட்டையைச் சுற்றினாள். இந்த ஒரு வாக்கியம் முடிந்ததும் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம் என்று—

(இவ்வாக்கியத்தை எப்படி முடித்தாலும் அது சமாதானமாகிறது. அப்படியே விடுகிறேன்.)

கதை முடிந்து அவள் நிமிர்ந்தபோது மணி மூன்று நாற்பது. கவுண்டர் எப்போதோ நின்றுபோய், அந்த 31.3இன் எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் மிச்சம் இருந்தது. ஒரு புள்ளியை, ஒரே ஒரு புள்ளியை, உண்மையாக அளந்திருக்கலாம். நடுவிலிருந்த 31.9ஐ எடுத்திருந்தாலே போதும்; பிறகு தெரியவந்தபடி, மேடு அங்கேதான் இருந்தது. அந்த இருபது நிமிடத்தையும் அவள் எண்களை இயற்றுவதற்குச் செலவிட்டாள்.

398, 403, 400, 397, 402, 401, 399, 404, 398, 400, 402.

ஐந்து மணிக்குப் பேராசிரியர் வீங்கிய கன்னத்தோடு வந்தார்.

“எல்லாம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது சார்.”

பதிவேட்டைப் பார்த்தார். மேடு இல்லை, தட்டையாக இருந்தது. பஞ்சைக் கடித்திருந்ததால் அதிகம் பேச முடியவில்லை. “சரி. இல்லைன்னா இல்லைதான்” என்று மட்டும் சொன்னார். அவர் ‘இன்னொரு தடவை’ என்று சொல்லாத ஒரே நாளாக எனக்கு நினைவிருப்பது அது.

குறிப்பு: அச்சிறுகதைக்கு முதல் பரிசு கிடைத்தது. நான் எழுத்தாளரானது அவ்வாறு.

4

இங்கே கதையை நேராக நடத்துகிறேன்.

அடுத்த ஆண்டு, ‘இங்கு மேடு எதுவும் காணப்படவில்லை’ என்று பேராசிரியர் கட்டுரை வெளியிட்டார். 1966இல் வெளிநாட்டுக் குழு ஒன்று அதே படிகத்தில், அதே இடத்தில், மேட்டைக் கண்டது. ஒரு மாநாட்டு மேடையில், அவர் படத்தின்மேல் அவர்கள் படத்தைப் பொருத்திக் காட்டினார்கள். பேராசிரியர் திரும்பி வந்து தம் கருவியிலேயே அளந்தார். மேடு பளிச்சென்று நின்றது. முதல் தடவை ஏன் தெரியவில்லை என்று ஆராய ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள்.

டிசம்பர் 6ஆம் தேதி குறிப்பாளரை வெளியீட்டுப் பிரிவுக்கு மாற்றினார்கள். ‘மொழியைச் சிறப்பாகக் கையாளுகிறவர்’ என்று பேராசிரியரே பரிந்துரைத்திருந்தார். அவள் அதைப் பதவி உயர்வு என்று கொண்டாடினாள். டிசம்பர் 12ஆம் தேதி விசாரணைக் குழு முடிவு கூறியது: பற்சக்கரத்தில் தளர்வு இருந்திருக்கிறது, முள் நகர்ந்தது, கை நகரவில்லை, ஆகவே பதினொரு அளவுகளும் ஒரே இடத்தில் எடுக்கப்பட்டன. அவ்வறிக்கையைத் தட்டச்சுச் செய்யும் வேலை வெளியீட்டுப் பிரிவுக்கு வந்தது. அவளே செய்தாள். ஒரு பிழைகூட இல்லாமல் செய்தாள்.

ஜனவரியில் பிட்டர் அண்ணனைக் கருவியிலிருந்து எடுத்துத் தண்ணீர் பம்பு அறைக்கு அனுப்பினார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

பேராசிரியர் நிற்கவில்லை. இரண்டாவது கருவியைக் கட்டினார், மூன்றாவதைக் கட்டினார், உலோகங்களுக்குள் ஹைட்ரஜன் எங்கே ஒளிந்து உட்கார்கிறது என்று காட்டினார். நாற்பத்தொரு பேர் அவரிடம் பட்டம் பெற்றார்கள். நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறருடைய அறிக்கைகளில் பிழை திருத்தினேன். ‘அம்மாகிட்ட போனா ஒரு காற்புள்ளி தப்பாது’ என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

5

பெட்டியிலிருந்த ஆறாவது கோப்பில் ஒரு தாள் கிடைத்தது. பேராசிரியரின் பென்சில் எழுத்து. தேதி 3.12.1966. மேலே என் பதினொரு எண்கள். கீழே இரண்டு வரிகள்:

இருக்க வேண்டிய விலகல்: 20.
இருப்பது: 2.2.

அதன்கீழ் ஒரு கோடு. வேறொன்றும் இல்லை.

கை அசையாமல் ஒரே இடத்தில் நின்றிருந்தாலும் எண்கள் இருபது ஏறியும் இறங்கியும்தான் இருக்கும். அவ்வளவு அமைதியான பதினொரு எண்களை எந்தக் கருவியாலும் தர முடியாது. ஒழுங்கில் ஆசை கொண்ட ஒரு மனிதரால்தான் தர முடியும். விசாரணைக் குழு முடிவு கூறுவதற்கு ஒன்பது நாள் முன்பே அவருக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்த மூன்றாம் நாள் என்னைக் கருவியிலிருந்து அகற்றியிருக்கிறார். தெரிந்துகொண்டே, பற்சக்கரத்தைக் குறை சொன்ன அறிக்கையில் கையெழுத்திட்டிருக்கிறார்.

இந்த இடத்தில் என் கதாநாயகர் என் கையை விட்டு நழுவுகிறார். ஒரு பெண்ணின் வாழ்க்கை பாழாகிவிடக் கூடாது என்று மறைத்தாரா? அல்லது, ‘இவர் கருவியில் எண்களை இட்டுக்கட்டுகிறார்கள்’ என்று பெயர் வந்தால் ஆறாண்டு உழைப்பு அத்தனையும் குப்பைக்குப் போகும் என்று அஞ்சினாரா? முதல் காரணத்தை எழுதினால் அவர் நல்லவராகிறார், எனக்கும் சௌகரியம். இரண்டாவதை எழுதினால் பழியில் பாதி அவருக்குப் போகிறது. அதுவும் எனக்குச் சௌகரியம். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு நிழல் கிடைக்கிறது. அதனாலேயே இரண்டையும் எழுதவில்லை.

6

பிட்டர் அண்ணனைப் பார்க்கப் போனேன். மாடியில் ஒரு சிறிய அறை. வெயில் சாய்ந்து விழுந்தது. நான் சொல்லி முடித்ததும் அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு என் கையைப் பற்றிக்கொண்டு, “விடு தங்கச்சி, எப்பவோ நடந்தது. அந்த வயசுல யாருதான் தப்புப் பண்ணல?” என்றார். அவர் கண்களில் ஒரு துளி—

7

ஆறாம் பகுதி பொய்.

நான் போகவில்லை. மேசையில் உட்கார்ந்தபடியே எழுதினேன். வெயிலை நான் வைத்தேன்; துளியையும் நான் வைத்தேன். எவ்வளவு நேர்த்தியாக வந்திருக்கிறது பாருங்கள். எழுபத்தெட்டு வயதிலும், போய் அளந்து வருவதற்குப் பதிலாக நாற்காலியில் இருந்தபடி நிரப்பியிருக்கிறேன். அதை அடித்துவிடாமல் இங்கே விட்டுவைப்பதற்குக் காரணம், என் கைக்கு என்ன பழக்கம் என்று வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பதே.

மார்ச் 9, சனிக்கிழமை, உண்மையாகவே போனேன். தரைத்தளம். வெயில் இல்லை. அவருக்கு எண்பத்தாறு வயது. முழங்காலில் பட்டை போட்டுக்கொண்டு, மின்விசிறி ஒன்றைக் கழற்றிப் பரப்பிவைத்திருந்தார்.

“அட, தங்கச்சியா! வா வா. கதை எழுதுறவங்கல்லாம் நம்ம வீட்டுக்கு வராங்க. மருமகளே, நாற்காலியைத் துடைச்சுப் போடு!”

“அது துடைச்சுதான் மாமா இருக்கு. நீங்க மொதல்ல அந்த கிரீஸ் கையை அவங்க மேல வெக்காதீங்க” என்றார் மருமகள்.

நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும் என்று பேருந்தில் ஒத்திகை பார்த்திருந்தேன். ஆயினும் சுற்றி வளைத்தேன். நடுவில் அவர் ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். கேட்கிறதா இல்லையா என்று தெரியாமல் இரண்டு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. இரண்டாம் தடவை, தேடுவதை நிறுத்தினார்.

“அப்ப சக்கரத்துல தளர்வு இல்ல.”

“இல்லண்ணே.”

“அதான் எனக்குத் தெரியுமே. நாப்பது தடவை ஓட்டிப் பாத்தேன். முடி அளவுகூட ஆடல. அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, நம்ம கண்ணுலதான் கோளாறோன்னு நெனச்சுட்டேன். அதுக்கப்புறம் நான் ஒரு பல்சக்கரம் வெட்டல, தெரியுமா? பட்டறையில கூப்பிட்டாங்க. நான்தான் போகல.”

மருமகள் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

“அன்னிக்கு அப்படி என்னதான் பண்ணிட்டிருந்தே?”

“ஒரு கதை எழுதிட்டிருந்தேன்.”

“என்ன கதை?”

“ஒரு பொண்ணு பஸ்ஸுக்காகக் காத்திட்டிருப்பா. பஸ் வராது.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான்.”

அவர் என்னையே பார்த்தார். “நல்லாருக்குமா?”

பரிசு பெற்றது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். “இல்லண்ணே. சுமார்தான்.”

“நல்ல கதையாவாவது இருந்திருக்கக் கூடாதா?” என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வேலை தெரிந்தவர், வேலை தெரியாதவர் செய்த ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பதைப்போலச் சொன்னார். ஐம்பத்து நான்கு ஆண்டுகளில் என் எழுத்தைப் பற்றி நான் கேட்ட விமரிசனங்களில் சரியானது அதுவே.

பேராசிரியரின் தாளையும் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் படித்தார்.

“அவருக்குத் தெரியும்னா சொல்றீங்க?”

“ஆமாண்ணே.”

“பம்பு ரூமுக்கு வருவாரு. மாசம் ஒரு தடவை வந்து, ‘எப்படி இருக்கீங்க’ன்னு கேட்டுட்டுப் போவாரு. மனுஷன் எவ்வளவு பெரிய மனசுக்காரருன்னு வீட்ல சொல்லுவேன்.” தாளை மடிக்காமல், விளிம்பைப் பிடித்து என்னிடம் நீட்டினார். “எடுத்துட்டுப் போங்க மேடம்.”

வந்தபோது தங்கச்சி, போகும்போது மேடம்.

வாசல்வரை வந்த மருமகள் மெதுவாகக் கேட்டார்: “இப்ப எதுக்கும்மா வந்து சொன்னீங்க? உங்களுக்கு மனசு லேசாகணும்னா?”

“ஒருவேளை அதுக்காகவும் இருக்கலாம்” என்றேன்.

“லேசாச்சா?”

“இல்ல.”

“அப்ப சரி” என்று கதவைச் சாத்தினார்.

8

முடிவுகளை வரிசைப்படுத்துகிறேன். முதலாவது: நினைவு நூலுக்குப் பற்சக்கரத்தைப் பற்றிப் பேசாத இருபது பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, இக்கதையை அலமாரியில் வைத்துப் பூட்டுவது. இரண்டாவது: என் குற்றத்தை மட்டும் எழுதி, பேராசிரியரின் தாளைப் பெட்டிக்கே திருப்புவது. மூன்றாவது: எல்லாவற்றையும் எழுதுவது. முதலாவதில் எனக்கு நீண்ட பயிற்சி உண்டு. மற்ற இரண்டையும் பேராசிரியரின் மகளிடம் தொலைபேசியில் சொன்னேன்.

“அத்தை, நீங்க செஞ்சதை எழுதுங்க. அது உங்க இஷ்டம். அப்பா தெரிஞ்சே பண்ணாருன்னு நான் எப்படி அச்சுப் போடுவேன்? அந்தப் புத்தகத்தோட அட்டையில அவர் சிரிச்சிட்டிருக்காரு!”

“தெரிஞ்சே பண்ணாருன்னுதான் தாள் சொல்லுதும்மா. ஏன் பண்ணாருன்னு சொல்லல. அதை நானும் எழுத மாட்டேன்.”

“உங்களைக் காப்பாத்தத்தான் பண்ணியிருப்பாரு.”

“இருக்கலாம்.”

“இருக்கலாம்னா? நன்றிகூட இல்லையா உங்களுக்கு?”

இணைப்பு அறுந்தது. அவராகவே துண்டித்தாரா என்று தெரியாது. பத்து நாள் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பதினோராம் நாள் அழைத்தார். அவர் பிட்டர் அண்ணனின் வீட்டுக்குப் போயிருந்தார். என்னிடம் சொல்லாமல், தனியாக. அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டேன்.

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு அத்தை? எழுதுறதுக்கா?”

ஆகவே அக்காட்சி இங்கே இல்லை. இந்த இடத்தை வெற்றிடமாக விடுகிறேன்.

[                    ]

நிரப்பிக்கொள்ள விரும்பும் வாசகர் நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் அது தம் கற்பனை என்று ஓரத்தில் குறித்துவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

9

இறுதியில் தீர்மானிக்கப்பட்டவை வருமாறு.

நினைவு நூலில் நான் கதை எழுதவில்லை. என் பெயரும் அன்றைய பதவியும் இட்டு ஒரு பக்க அறிக்கை கொடுத்திருக்கிறேன். பதினொரு எண்களும் என்னால் இட்டுக்கட்டப்பட்டவை என்றும், பற்சக்கரத்தில் எக்குறையும் இருந்ததில்லை என்றும் அதில் உள்ளது. அதற்கு எதிர்ப்பக்கத்தில் பேராசிரியரின் பென்சில் தாள் நிழற்படமாக அச்சாகும். விளக்கம் எதுவும் சேர்க்கப்படாது. இது மகளின் முடிவு. அட்டைப்படம் மாறவில்லை.

பிட்டர் அண்ணன், பேராசிரியரின் மகள் வழியாக, ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பினார். அச்சில் வந்தால் மட்டும் போதாது. அன்று விசாரணை அறையில் தம்மை இரண்டு மணி நேரம் நிற்கவைத்துப் பேசினார்கள். நூல் வெளியிடும் கூட்டத்தில் நானும் நின்றுகொண்டு, எல்லார் முன்னிலையிலும் அந்தப் பக்கத்தைப் படிக்க வேண்டும். ஒப்புக்கொண்டேன். ஆய்வுக்கூடத்தின் இயக்குநர், வயதைக் கருதி நாற்காலி போடுவதாகச் சொன்னார். வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன்.

இதை எழுதும் இன்று ஏப்ரல் 3, புதன்கிழமை. கூட்டம் 26ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு. பிட்டர் அண்ணன் வருவாரா என்று மருமகளிடம் கேட்டேன். முழங்காலைப் பொறுத்தது என்றார்.